வீட்டு வெல்டிங் கருவி: பெரிய எண்ணைவிடச் சிறிய எண்ணே முக்கியம்

காரின் சைலன்சரையும் உடல்தகட்டையும் வீட்டிலேயே பற்றவைத்துக்கொள்ள எந்தக் கருவியை வாங்குவது? பொழுதுபோக்காளர்களின் சிறு ஐயம் என்று ஒதுக்கிவிடக்கூடிய கேள்வியாகவே இது தோன்றும். நவி மும்பையின் நெருளில் அவ்வாறு ஒதுக்க இயலாது. ஒருபுறம் தாணே கடற்கழி; மறுபுறம் குன்றுகள்; ஜூன் முதல் செப்டம்பர்வரை மழை. உப்பு கலந்த ஈரக்காற்றில் காரின் அடித்தகடு வெளியிலிருந்து துருவேறுகிறது. சைலன்சரோ உள்ளிருந்து அரிக்கப்படுகிறது. பெட்ரோல் எரியும்போது நீராவியும் உண்டாகிறது. வீட்டிலிருந்து ரயில் நிலையம்வரை மட்டுமே ஓடும் காரில் புகைக்குழாய் முழுமையாகச் சூடேறுவதில்லை. நீராவி குளிர்ந்து சைலன்சரின் அடியில் தேங்கி, புகையிலுள்ள அமிலச் சுவடுகளோடு சேர்ந்து உலோகத்தைத் தின்கிறது. சைலன்சரில் ஓர் ஓட்டையும் தரைத்தகட்டில் ஓர் ஓட்டையும் ஒரே காரில் அமைந்துவிட்டால், நிறமும் மணமும் அற்ற கார்பன் மோனாக்சைடு பயணிகளிடம் வந்துசேர வழி திறந்துவிடுகிறது. ஆகவே இது அழகு பற்றிய கேள்வியன்று.

மாட்டுங்காவில் 1932-இல் தொடங்கப்பெற்ற தென்னிந்தியக் கல்விச் சங்கம் பிற்காலத்தில் நெருளிலும் வளாகம் கண்டது. மாட்டுங்கா, செம்பூர், தாராவிப் பகுதிகளின் தமிழ்க் குடும்பங்கள் பலவும் அதே போலக் கடற்கழியைத் தாண்டிக் குடியேறின. இத்தகைய நடுத்தரக் குடும்பங்களில் கார் எளிதில் மாற்றப்படும் பொருளன்று. தனியார் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் தகுதிச் சோதனையில் தேறினால் ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்கப்படும். அந்தச் சோதனைக்கு முன்பாகத் துருப்பிடித்த தகடு சீர்செய்யப்பட வேண்டும். இவர்களோடு நெருளின் பொறியியல் கல்லூரி மாணவர்களையும் சேர்த்துக்கொள்ளலாம். தாமே ஒரு வண்டியைப் பிரித்துச் சேர்க்க விழையும் மாணவர் முதலில் தேடுவது ஒரு வெல்டிங் கருவியைத்தான்.

இணையச் சந்தை இவர்களுக்கு ஆயத்தமாக வைத்திருக்கும் விடை, பெட்டியின் மேல் ‘200 ஆம்பியர்’ என்று பெரிய எழுத்தில் அச்சிட்ட மலிவான இன்வெர்ட்டர் ராடு வெல்டிங் கருவி. அந்த விடை தவறானது. கருவி எவ்வளவு உயர்ந்த மின்னோட்டத்தைத் தரும் என்பதைக் காட்டிலும், எவ்வளவு தாழ்ந்த மின்னோட்டத்தை இடையறாமல் தரும் என்பதே மெல்லிய தகட்டுக்கு வேண்டிய அளவு. அதையடுத்து நிற்பவை வீட்டின் மின்னிணைப்பும், அருகிருப்போரின் மூச்சும். இம்மூன்றும் தாங்கும் எல்லையை முதலில் அறிந்து, அதற்குள் அடங்கும் கருவியைத் தேர்வதே முறை.

தகட்டிலிருந்து தொடங்கலாம். தமிழ் மரபில் உலோகத்தை உலோகத்தோடு இணைத்தது பற்றாசு. இரு குறள்களை ஒரு நேரிசை வெண்பாவாக இணைக்க இடையில் சேர்க்கும் ஓரிரு அசைகளுக்கு யாப்பிலக்கணத்தார் ‘ஆசு’ என்று பெயரிட்டது பொற்கொல்லரின் அந்தத் தொழிலை நினைந்தே. பற்றாசு வைக்கும்போது இணைப்புப் பொருள் மட்டும் உருகுகிறது, பொன் உருகுவதில்லை. வெல்டிங்கில் நிகழ்வது வேறு. இணைக்கப்படும் தகடே உருகிக் குழம்பாகி, மீண்டும் உறைகிறது. காரின் கதவு, மட்கார்டு, தரை ஆகியவற்றின் தகடு பெரும்பாலும் 0.7 முதல் 1 மில்லிமீட்டர் கனமே உடையது. ஏறக்குறைய 1,500 டிகிரி செல்சியஸில் உருகும் எஃகை, அத்தனை மெல்லிய நிலையில், ஓட்டை விழாமல் உருக்கி நிறுத்துவதே டிங்கர் வேலையின் முழுச் சவால்.

பட்டறைகளில் வழங்கும் ஒரு கைக்கணக்கு இங்கே உதவும். எஃகின் கனத்தில் 0.025 மில்லிமீட்டருக்கு ஓர் ஆம்பியர். அதன்படி 0.8 மில்லிமீட்டர் தகட்டுக்கு 32 ஆம்பியர் போதும், 1.5 மில்லிமீட்டர் கனமுள்ள புகைக்குழாய்க்கு 60 ஆம்பியர். 200 என்ற எண்ணுக்குக் காரில் வேலையே இல்லை. ராடு வெல்டிங்கில் மெலிந்த ராடான 2 மில்லிமீட்டர் ராடுகூடச் சீராக எரிய 40 ஆம்பியருக்கு மேல் கேட்கும். அதற்குக் குறைத்தால் வில் அறுந்துபோகிறது. கூட்டினால் தகடு கருகி வட்டமாகத் திறந்துகொள்கிறது. தெருவோரப் பட்டறையில் அதே ராடைக் கொண்டு சைலன்சரை அடைத்துத் தரும் தொழிலாளரைச் சுட்டிக்காட்டி இதை மறுப்போர் உண்டு. அவர் கையில் இருப்பது கருவியின் திறமன்று, பல ஆண்டுப் பழக்கம். முதல் முறையாக ஹோல்டரைப் பிடிப்பவருக்கு அந்தப் பழக்கத்தைக் கருவியோடு சேர்த்து யாரும் விற்பதில்லை.

இந்த வேலைக்குப் பொருந்துவது, பட்டறை வழக்கில் ‘சிஓடூ வெல்டிங்’ என்று அழைக்கப்படும் மிக் முறை. சுருளிலிருந்து மெல்லிய கம்பி தானாக வெளிவந்து உருக, அதைச் சுற்றி வாயு காற்றைத் தடுத்து நிற்கிறது. 0.6 மில்லிமீட்டர் கம்பியைச் செலுத்தக்கூடிய, 30 ஆம்பியரில் நிலைத்து எரியக்கூடிய சிறிய ஒற்றைக்கட்ட மிக் கருவியே வீட்டுக்கு உரியது. வாயுவில் தூய கரியமில வாயு மலிவானது. ஆயினும் அது ஆழமாக ஊடுருவும். பொறியும் மிகுதியாகத் தெறிக்கும். ஆர்கானோடு ஐந்தில் ஒரு பங்கு அல்லது நான்கில் ஒரு பங்கு கரியமில வாயு கலந்த கலவை மெல்லிய தகட்டுக்கு இணக்கமானது.

வாயுவே தேவையில்லை என்று விற்கப்படும் கருவிகளும் உள. அவற்றின் கம்பிக்குள் ஃப்ளக்ஸ் தூள் நிரம்பியிருக்கும். காற்று வீசும் திறந்தவெளியில் வாயு கலைந்துபோகும்போது இந்தக் கம்பி கைகொடுக்கும். புகைக்குழாய்க்கும் ஓரளவு பயன்படும். ஆனால் இது சூடு மிகுந்தது, தெறிப்பு மிகுந்தது, 0.8 மில்லிமீட்டர் கதவுத் தகட்டில் பொறுமையைச் சோதிக்கும். இக்கம்பிக்கு மின்முனைகளை மாற்றி இணைக்க வேண்டும் என்பதை அறியாமல், கருவியைக் குறைகூறுவோரும் உண்டு. ஆகவே வாயுவோடும், வாயுவின்றி முனைமாற்றியும் இயங்கக்கூடிய கருவியே தேர்வுக்கு உகந்தது. வாயு வால்வே இல்லாத கருவியை வாங்கினால் பின்னாளில் தகட்டு வேலைக்கு மாற வழியில்லை.

‘ஆர்கான் வெல்டிங்’ என்று வழங்கும் டிக் முறை துருவேறா எஃகுக் குழாய்களில் மிக நேர்த்தியான இணைப்பைத் தரும். அதற்கு இரு கைகளும் தனித்தனியே பழக வேண்டும். உலோகம் மாசின்றித் துலங்க வேண்டும். துருவும் எண்ணெயும் படிந்த பழைய காரின் அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு செய்யத்தக்க வேலையன்று அது. ஆக்சிஜன், அசெட்டிலின் கொண்ட கேஸ் வெல்டிங், முந்தைய தலைமுறை டிங்கர்களின் கருவி. பரந்த சூட்டால் தகட்டை நெளியச் செய்வது அதன் இயல்பு. குடியிருப்பில் அசெட்டிலின் உருளையை வைத்திருப்பது எவ்வகையிலும் ஏற்கத்தக்கதன்று.

அடுத்து, வீட்டின் மின்னிணைப்பு. ராடு வெல்டிங்கில் வில்லின் மின்னழுத்தத்தைக் கணிக்கத் தரநிலைகள் கையாளும் வாய்பாடு எளியது: 20 வோல்ட், அதனோடு ஓர் ஆம்பியருக்கு 0.04 வோல்ட். 200 ஆம்பியரில் அது 28 வோல்ட். இரண்டையும் பெருக்கினால் 5,600 வாட். கருவிக்குள் வீணாவதையும் சேர்த்தால் சுவரிலிருந்து 6,500 வாட் வரை இழுக்க வேண்டும். வீட்டின் 16 ஆம்பியர் பிளக்கு 230 வோல்ட்டில் தரக்கூடியது 3,680 வாட் மட்டுமே. பெட்டியின் மேலுள்ள எண்ணை வீட்டுப் பிளக்கில் எட்டவே முடியாது. எட்ட முயன்றால் பிரேக்கர் விழும், அல்லது பழைய வயர் சூடேறும். மிக் முறையின் வாய்பாடு 14 வோல்ட், அதனோடு ஆம்பியருக்கு 0.05 வோல்ட். 40 ஆம்பியரில் 16 வோல்ட், அதாவது 640 வாட். இழப்பைச் சேர்த்தாலும் ஓர் இஸ்திரிப்பெட்டி இழுப்பதைவிட மிகுதியன்று. மெல்லிய தகட்டுக்கு உரிய மின்னோட்டம் வீட்டு மின்னிணைப்புக்கும் உரியதாகவே அமைகிறது. ஒரு தேவையை நேர்மையாக அளந்தால் மற்றொன்றும் தீர்கிறது என்பதற்கு இது நல்ல சான்று.

வாங்குமுன் கருவியின் பெயர்ப்பலகையில் படிக்க வேண்டிய மற்றோர் எண் பணிச்சுழற்சி. 90 ஆம்பியரில் 20 விழுக்காடு என்றால், பத்து நிமிடத்தில் இரண்டு நிமிடம் வேலை, எட்டு நிமிடம் ஓய்வு. பன்னாட்டுத் தரநிலை இதை 40 டிகிரி வெப்பத்தில் அளக்கச் சொல்கிறது. அதைவிடக் குளிர்ந்த சூழலில் அளந்த எண், மும்பையின் மே மாதத்தில் பொருளற்றுப்போகும். தகட்டு வேலையில் ஒரு புள்ளி வைத்து, சற்று விலகி மற்றொரு புள்ளி வைத்து, தகடு ஆறக் காத்திருப்பதே முறை என்பதால், சிறிய பணிச்சுழற்சி பெருங்குறையன்று. கம்பி உருளை, முனை, டார்ச் போன்ற தேய்பொருள்கள் அருகிலுள்ள கடையில் கிடைக்குமா என்பது அதைவிட முக்கியமான வினா.

மூன்றாவதாக மூச்சு. 1989-இல் வெல்டிங் புகையைப் ‘புற்றுநோய் விளைவிக்கக்கூடும்’ என்ற ஐயப் பிரிவில் வைத்த பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, 2017-இல் அதை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பது உறுதியான முதற்பிரிவுக்கு மாற்றியது. வெல்டிங்கின் புறஊதாக் கதிரையும் அதே பிரிவில் சேர்த்தது. துருவேறா எஃகுப் புகைக்குழாயைப் பற்றவைக்கையில் ஆறிணைதிறக் குரோமியம் புகையில் கலக்கிறது. துத்தநாகம் பூசிய உடல்தகட்டில் வேறு சிக்கல். எஃகு உருகுவதற்கு வெகுமுன்பே, 907 டிகிரியில் துத்தநாகம் கொதித்து ஆவியாகிறது. அதை மூச்சில் இழுத்தவருக்குச் சில மணி நேரத்தில் குளிரும் காய்ச்சலும் வரும். ஓரிரு நாளில் தானே தணியும். மழைக்கால மும்பையில் அதை மலேரியா என்று எண்ணிக்கொள்வது எளிது. பால் குடித்தால் போதும் என்ற பட்டறை நம்பிக்கைக்கு அடிப்படை இல்லை. பூச்சைச் சுரண்டி நீக்குவதும், புகைக்கென வடிவமைத்த வடிகட்டியுள்ள முகமூடி அணிவதும், காற்றோட்டமும்தான் தீர்வு. துணி முகமூடி இந்தப் புகையைத் தடுப்பதில்லை. குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்த உலோகத்தில் வில் மூட்டினால் பாஸ்ஜீன் என்னும் நச்சுவாயு உண்டாகும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

புகையும் கதிரும் வெல்டிங் செய்பவரோடு நிற்பதில்லை. நெருளில் சிட்கோ கட்டிய அடுக்ககங்களின் கீழ்த்தள வண்டி நிறுத்தத்தில் மூட்டப்படும் வில்லைக் காவலாளியும் காண்கிறார், சைக்கிள் ஓட்டும் குழந்தையும் காண்கிறது. கண்ணில் மணல் கொட்டியது போன்ற வலி அப்போதன்று, பல மணி நேரம் கழித்து நள்ளிரவில் எழும். காரணம் இன்னதென்று அவர்களுக்குத் தெரியவும் வாய்ப்பில்லை. தாழ்ந்த கூரையுள்ள மூடிய இடத்தில் ஆர்கானும் கரியமில வாயுவும் ஆக்சிஜனை விலக்கித் தேங்கும். கருவிக்கு ஒதுக்கிய பணத்தில் மூன்றில் ஒரு பங்கையாவது தலைக்கவசம், புகை முகமூடி, தோல் கையுறை, தீயணைப்பான், மறைப்புத் திரை ஆகியவற்றுக்கு எடுத்துவைக்க இயலாதவர், கருவியை வாங்கும் நிலையை இன்னும் அடையவில்லை என்றே கொள்ள வேண்டும். தரைத்தளத்தில் திறந்த முற்றமுள்ள வரிசை வீட்டாருக்கு இது தடையாகாது. ஏழாம் மாடிக் குடியிருப்பாளருக்கு நிலைமை வேறு.

எதைப் பற்றவைக்கக் கூடாது என்பதும் தேர்வின் பகுதியே. மும்பையில் சிஎன்ஜி கார்கள் ஏராளம். பின்புறம் அழுத்த உருளையும் அடியில் வாயுக்குழாயும் உள்ள வண்டியில், அவற்றை உரிய பணிமனையில் கழற்றாமல் சைலன்சரின் அருகே வில் மூட்டுவது அறியாமையின் உச்சம். பெட்ரோல் தொட்டிக்கு அருகிலும் அவ்வாறே. பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றாமல் தொடங்கினால் மின்னணுக் கட்டுப்பாட்டகம் பழுதாகலாம். மோதல் பாதுகாப்பு விதிகள் 2019-இல் எல்லாப் புதிய கார்களுக்கும் கட்டாயமான பிறகு, உடற்கூட்டின் தூண்களிலும் சட்டங்களிலும் உயர்வலிமை எஃகின் பங்கு பெருகியுள்ளது. சூடு பட்டால் அது தன் வலிமையை இழக்கும். இருக்கைப் பட்டை பொருத்திய இடம், தூண், முன்சட்டம் ஆகியவை வீட்டுக் கருவிக்கு உரியவை அல்ல. விபத்து நேரும் நொடியில்தான் அந்த இணைப்பின் உண்மை வெளிப்படும்.

புகைக்குழாயிலும் ஓர் எல்லை உண்டு. 2020 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள பிஎஸ்-6 விதிக்கு உட்பட்ட கார்களில் வினையூக்கி மாற்றியும் ஆக்சிஜன் உணரியும் புகைப்பாதையில் அமைந்துள்ளன. உணரிக்கு முன்னே சிறு கசிவு இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டு, எரிபொருள் குறைவு என்ற தவறான செய்தி எஞ்சினுக்குச் செல்லும். அது தேவைக்கு மீறிப் பெட்ரோலைப் பாய்ச்சும். மாற்றியை அகற்றி வெறுங்குழாயைப் பற்றவைப்பதும், ஒலிக்காகச் சைலன்சரை வெட்டுவதும் சட்டப்படி குற்றம். பழுதைச் சரிசெய்வது ஒன்று, மாற்றியமைப்பது மற்றொன்று.

இவ்வளவும் படித்தபின் ஒருவர் கேட்கலாம்: டிங்கர் பட்டறையிலேயே கொடுத்துவிட்டால் என்ன? தாராளமாகக் கொடுக்கலாம். பெரும்பாலான குடும்பங்களுக்கு அதுவே சரியான விடை. ஆனால் அந்த விடையும் முழுத் தூய்மையானதன்று. வாடிக்கையாளர் குறைந்த கூலி கேட்கும்போது துருவின்மேல் தகட்டை ஒட்டி, பட்டி பூசி, பெயின்ட் அடித்துத் தரும் வேலையே கிடைக்கும். உள்ளே துரு வளர்ந்துகொண்டே இருக்கும். கறுப்புக் கண்ணாடி மட்டும் அணிந்து, முகமூடியின்றி நாள் முழுதும் அந்தப் புகையில் நிற்பவர்க்கு மருத்துவக் காப்பீடு இருப்பது அரிது. வீட்டில் தானே ஒருமுறை 0.8 மில்லிமீட்டர் தகட்டைப் பற்றவைக்க முயன்றவர், அந்தக் கூலியில் இரண்டாம் முறை பேரம் பேசத் தயங்குவார். ஒரு தொழிலின் மதிப்பு அதைச் செய்து பார்த்தவருக்கே எளிதில் விளங்கும்.

கல்வியுலகம் கவனிக்க வேண்டிய இடமும் இதுவே. பொறியியல் முதலாண்டுப் பட்டறைப் பயிற்சியில் வெல்டிங் இடம்பெறுவது வழக்கம். அங்கே மாணவர் தொட்டுப்பார்ப்பது சில மணி நேரம். பின்னர் அந்தப் பட்டறைக்குள் நுழைய அவர்க்குக் காரணம் இருப்பதில்லை. ஐடிஐ வெல்டர் பிரிவில் ஓராண்டு பயின்ற இளைஞரும் அந்தப் பொறியியல் மாணவரும் ஒரே நகரில் வாழ்ந்தும் ஒரே மேசையில் நிற்பதில்லை. தமிழ்நாட்டில் திருச்சிராப்பள்ளியின் பாரத மிகுமின் நிறுவனத்தில் வெல்டிங்குக்கெனவே ஓர் ஆய்வு நிறுவனம் 1975 முதல் இயங்கிவருகிறது. கொதிகலனுக்குச் செலுத்தப்பட்ட அந்தக் கவனத்தில் ஒரு சிறு பகுதி, துருப்பிடித்த மட்கார்டுக்கும் அதைச் சீராக்கும் கைக்கும் கிடைக்க வேண்டும்.

நெருள் போன்ற அடுக்ககப் பகுதிக்கு உகந்த தீர்வு ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கருவியன்று. கல்லூரிப் பட்டறைகள் வார இறுதியில் பகுதி மக்களுக்குத் திறக்கப்பட வேண்டும். புகையை உறிஞ்சும் ஏற்பாடும், தீப் பாதுகாப்பும், முறையான மின்னிணைப்பும் அங்கே ஏற்கெனவே இருக்க வேண்டியவை. அனுபவமுள்ள டிங்கர் தொழிலாளரை, உதவியாளராக அல்லாமல், ஊதியம் பெறும் பயிற்றுநராக அமர்த்த வேண்டும். கட்டணம் செலுத்தி வருவோர் தம் காரின் வெட்டியெடுத்த தகட்டைக் கொண்டுவந்து பழகலாம். நான்கு வாரம் பழகியபின்பும் சொந்தக் கருவி வேண்டும் என்று தோன்றினால், திறந்த முற்றம் உடையவர் வாங்கட்டும். அப்போது கடைக்காரரிடம் அவர் கேட்கும் முதல் கேள்வி, கருவி எத்தனை ஆம்பியர்வரை ஏறும் என்பதாக இராது. எத்தனை ஆம்பியர்வரை இறங்கும் என்பதாகவே இருக்கும்.